கிரிக்கெட் ஒளிபரப்புரிமை: ஒரு சரக்கு உருவான வரலாறு

இந்தியாவில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை 1993ஆம் ஆண்டுக்கு முன்பு விலைபோகும் பொருளாக இருக்கவில்லை. ஆட்டத்தை நடத்திய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமே, அதைக் காட்டும் பொருட்டு, ஆட்டம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் தூர்தர்ஷனுக்குச் செலுத்தும் நிலையில் இருந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மும்பையில் நடந்த மின்னேலத்தில் ஐபிஎல் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் அதே வாரியத்துக்கு ஏறத்தாழ 118 கோடி ரூபாய் கிடைத்தது. இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட 30 ஆண்டுகளில் விலை ஏறிய கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது; விற்கப்பட்ட பொருளே காலந்தோறும் வேறாகிவந்தது என்பதும், அம்மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பார்வையாளருக்கு ஆட்டத்தின்மேல் இருந்த உரிமை எவ்வாறு வரையறுக்கப்பட்டது என்பதும் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. ஒளிபரப்புரிமை என்பது ஓர் ஆட்டத்தின் படத்தையும் ஒலியையும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நிலப்பரப்புக்குள், குறிப்பிட்ட வழியில் மக்களிடம் கொண்டுசேர்க்கும் தனியுரிமையாகும். இவ்வரையறையில் உள்ள ‘குறிப்பிட்ட வழி’ என்ற சொற்றொடர்தான் வானொலியிலிருந்து செயலி வரையிலான இவ்வரலாற்றின் திறவுகோல்.

வானொலிக் காலத்தில் இந்த உரிமையைப் பற்றிய பேச்சே எழவில்லை. 1930களில் பம்பாயின் நாற்கோணப் போட்டிகளை ஏ.எஃப்.எஸ். தல்யார்கான் ஆங்கிலத்தில் வருணித்தபோதும், பிற்காலத்தில் சேப்பாக்கம் ஆட்டங்களை அப்துல் ஜப்பார் முதலியோர் சென்னை வானொலி வழியாகத் தமிழில் வருணித்தபோதும், ஒலிபரப்பு அரசின் பணியாகவே கருதப்பட்டது. கேட்பவர் அதற்கு ஒன்றும் தரவில்லை என்று கொள்வது தவறு. வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தினர். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பரவியிருந்த இவ்வழக்கம் 1980களின் நடுப்பகுதியில்தான் கைவிடப்பட்டது. எனினும் அக்கட்டணம் பெட்டிக்கானது. எந்த ஆட்டம் கேட்கப்பட்டது, யாரால் கேட்கப்பட்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

தூர்தர்ஷன் 1959இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975இல். 1976 முதல் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கிய அந்நிறுவனம், 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்புக்கு மாறி, செயற்கைக்கோள் வழியாக நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டும் திறனைப் பெற்றது. அதற்கடுத்த ஆண்டு, 1983 ஜூன் 25 அன்று, லார்ட்ஸ் மைதானத்தில் கபில்தேவின் அணி உலகக் கோப்பையை வென்றதை அத்திறன்தான் நேரலையாக இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அதே தொடரில் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் எடுத்த ஆட்டமிழக்காத 175 ஓட்டங்களுக்கு இன்று ஒரு நொடிப் படப்பதிவும் கிடையாது. ஓர் ஆட்டம் படமாக நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் படக்கருவி வைத்திருப்பவரின் முடிவைச் சார்ந்திருந்த காலம் அது. இந்தியாவில் அக்கருவியை வைத்திருந்தது அரசு ஒன்றே. எனவே ஒளிபரப்பு என்பது தூர்தர்ஷன் வாரியத்துக்குச் செய்யும் உதவி என்ற எண்ணமும், அவ்வுதவிக்கான செலவை வாரியம் தர வேண்டும் என்ற நடைமுறையும் அன்றைய நிலையில் இயல்பாகவே தோன்றின.

இந்நிலையை உடைத்தது வானிலிருந்து வந்த போட்டி. 1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியதும், தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் தட்டு அலைவாங்கிகளை மாடியில் நிறுவி வீடுகளுக்குக் கம்பி இழுத்ததும், தூர்தர்ஷனுக்கு மாற்று உண்டு என்பதை மக்களுக்குக் காட்டியதோடு ஆட்டத்தை நடத்துவோருக்கும் காட்டின. 1993 ஜனவரியில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தபோது, ஐ.எஸ். பிந்த்ரா, ஜக்மோகன் டால்மியா ஆகியோர் முன்னணியில் இருந்த வாரியம், அத்தொடரின் ஒளிபரப்புரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்கு 6 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தியாவுக்குள் அத்தொடரைக் காட்ட விரும்பிய தூர்தர்ஷன், அந்நிறுவனத்திடமிருந்து 10 லட்சம் டாலர் கொடுத்து உரிமையைப் பெற நேர்ந்தது. பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இரண்டாவது டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் எடுத்த 165 ஓட்டங்கள், இவ்வாறு விலைகொடுத்து வாங்கப்பட்ட முதல் காட்சிகளுள் அடங்கும். அதுவரை பணம் பெற்றுவந்த தூர்தர்ஷன் பணம் தருமிடத்துக்கு மாறியதும், ஆட்டம் தன் சொத்து என்பதை வாரியம் முதன்முறையாக உணர்ந்ததும் ஒரே தொடரில் நிகழ்ந்தன.

தூர்தர்ஷனும் அதை நடத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமும் இதை எளிதில் ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவை ஒட்டி ஹீரோ கோப்பைத் தொடரை நடத்தி, அதன் உரிமையையும் டிரான்ஸ் வேர்ல்டு நிறுவனத்துக்கே அளித்தபோது மோதல் முற்றியது. மைதானத்தில் எடுக்கப்படும் படத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் செயல், தொழில்நுட்ப வழக்கில் மேலேற்றம் எனப்படும். இந்திய மண்ணிலிருந்து அதைச் செய்ய அன்று அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகமின் வசதியும் அரசின் அனுமதியும் தேவைப்பட்டன. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் கம்பியில்லாத் தகவல் பரிமாற்றத்தை மத்திய அரசின் தனி உரிமையாக்கியிருந்தது என்பதே அரசின் வாதம். தந்திக்காக வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஈடன் கார்டனின் இரவு விளக்குகளுக்குக் கீழே டெண்டுல்கர் வீசிய கடைசி ஓவரை யார் காட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் நிலை உருவாயிற்று. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. தொடர் இடைக்கால உத்தரவுகளின் நிழலில் நடந்து முடிந்தது. இறுதி ஆட்டத்தில் அனில் கும்ப்ளே 12 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தியதும் அவ்வாறே ஒளிபரப்பாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 1995 பிப்ரவரி 9 அன்று வந்தது. பி.பி. சாவந்த், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோரோடு தமிழகத்தைச் சேர்ந்த எஸ். மோகனும் இடம்பெற்றிருந்த அந்த அமர்வு, வான் அலைகள் பொதுச் சொத்து என்று அறிவித்தது. வான் அலைகள் என்பவை ஒலியையும் படத்தையும் சுமந்து செல்லும் மின்காந்த அலைகள். அவற்றின் அளவு வரம்புக்குட்பட்டது என்பதால், அவற்றைப் பயன்படுத்துவதை ஒரு தன்னாட்சிப் பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும், அரசும் தனியாரும் அவற்றின்மீது ஏகபோகம் கொண்டாட முடியாது என்றும் நீதிபதிகள் கூறினர். அதைவிட ஆழமான கருத்து ஒன்றும் அத்தீர்ப்பில் உண்டு. அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமை பேசுபவருக்கு மட்டும் உரியதன்று, கேட்பவருக்கும் பார்ப்பவருக்கும் அதில் பங்குண்டு என்று அது நிறுவியது. ஊடக வரலாற்றை எழுதுவோர் இத்தீர்ப்பைத் தனியார் தொலைக்காட்சியின் பிறப்புச் சான்றிதழாகவே பெரும்பாலும் மதிப்பிடுகின்றனர். பார்வையாளரை உரிமை உடையவராகச் சட்டத்தின்முன் நிறுத்திய ஆவணம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு, அச்சிறப்பே பிற்காலத்துக்கு அதிகம் தேவைப்பட்டது.

தீர்ப்புக்குப் பின் சந்தை விரைந்து வளர்ந்தது. 1996 உலகக் கோப்பையின் தொலைக்காட்சி உரிமையை மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்டுடெல் நிறுவனம் 1 கோடி டாலருக்கு வாங்கியது. ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆகிய தனி விளையாட்டு அலைவரிசைகள் வேரூன்றின. இவற்றோடு கட்டண அலைவரிசை என்ற புதிய வழக்கம் வந்தது. விளம்பர வருவாயால் மட்டும் நடப்பது இலவச அலைவரிசை. கேபிள் நிறுவனத்திடமிருந்து வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்று மாதத் தொகை பெறுவது கட்டண அலைவரிசை. கேபிள்காரர் எத்தனை வீடுகளுக்குக் கம்பி இழுத்திருக்கிறார் என்பதை அவரைத் தவிர வேறு எவரும் அறியாததால், கணக்கில் காட்டப்படும் வீடுகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு என்பது அலைவரிசைகளின் தீராத முறையீடாக இருந்தது.

இந்த முறையீட்டுக்கான தீர்வை இந்தியாவில் முதலில் அனுபவித்த நகரம் சென்னை. எந்த அலைவரிசை எந்த வீட்டில் திறக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை அணுகல் முறை 2003 செப்டம்பரில் நான்கு பெருநகரங்களுக்கும் எனத் திட்டமிடப்பட்டு, சென்னையில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்ற நகரங்கள் அதற்காக 2006ஆம் ஆண்டின் முடிவு வரை காத்திருந்தன. செட்டாப் பாக்ஸ் வாங்காத சென்னை வீடுகளில் விளையாட்டு அலைவரிசைகள் உள்ளிட்ட கட்டண அலைவரிசைகள் ஒரே நாளில் மறைந்தன. ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு எவ்வளவு தரலாம் என்ற கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே எதிர்கொண்டது அப்போதுதான். பின்னாளில் 2006 முதல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியதும், 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்ததும் தொலைக்காட்சியை இம்மாநிலத்தில் குடிநீர், மின்சாரம் போன்ற வசதியாகக் கருதும் மனநிலைக்குச் சான்றுகள். அம்மனநிலைக்கும் கட்டண ஒளிபரப்பின் தர்க்கத்துக்கும் இடையிலான இழுபறி இன்றுவரை ஓயவில்லை.

அந்த இழுபறி 2004இல் நீதிமன்றத்தை எட்டியது. இந்திய அணி நெடுநாளைக்குப் பின் பாகிஸ்தானுக்குச் சென்று ஆடிய அத்தொடரின் உரிமை துபாயைச் சேர்ந்த டென் ஸ்போர்ட்ஸிடம் இருந்தது. கேபிள் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளுக்கு ஆட்டம் எட்டாது என்ற நிலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, டென் ஸ்போர்ட்ஸின் படம் அதன் முத்திரையோடும் விளம்பரங்களோடும் தூர்தர்ஷனில் காட்டப்பட்டது. இந்த அனுபவத்தின் விளைவாக 2007ஆம் ஆண்டு விளையாட்டு ஒளிபரப்புச் சமிக்ஞைகளை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் கட்டாயமாகப் பகிரும் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் நேரலையை, உரிமையாளர் தன் விளம்பரங்களை நீக்கிவிட்டுத் தூர்தர்ஷனுக்குத் தர வேண்டும். தூர்தர்ஷன் ஈட்டும் விளம்பர வருவாயில் 75 விழுக்காடு உரிமையாளருக்கும் 25 விழுக்காடு பிரசார் பாரதிக்கும் சேரும். 1995இன் தீர்ப்பு பார்வையாளருக்கு அளித்த உரிமை இச்சட்டத்தில்தான் நடைமுறை வடிவம் பெற்றது எனலாம். எனினும் ஐபிஎல் அந்த அறிவிப்புப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கத்தின்படி, பகிரப்படும் படத்தைத் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் ஃப்ரீ டிஷ் சேவையிலும் மட்டுமே காட்டலாம். கேபிள் வழியாகச் செல்லும் தூர்தர்ஷனில் காட்ட இயலாது.

இதற்கிடையில் தொகைகள் ஏறிக்கொண்டே சென்றன. 2006இல் நிம்பஸ் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கு 61.2 கோடி டாலர் தந்தது. 2008இல் தொடங்கிய ஐபிஎல், பத்து ஆண்டுகளுக்கு 100 கோடி டாலரைத் தாண்டிய விலையில் சோனியும் வேர்ல்டு ஸ்போர்ட் குழுமமும் சேர்ந்து பெற்ற உரிமையோடு பிறந்தது. 2012இல் இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்களை ஆறு ஆண்டுகளுக்கு 3,851 கோடி ரூபாய்க்கு ஸ்டார் பெற்றது. இவை அனைத்தும் ஒரே வணிகமுறையின் வளர்ச்சிகள். பொருளின் தன்மை மாறவில்லை.

தன்மையை மாற்றியது ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி நேரலை. அதன் இயக்கத்தை அறியாமல் அதன் வணிகத்தை விளங்கிக்கொள்ள முடியாது. செயற்கைக்கோள் ஒளிபரப்பு மழையைப் போன்றது. பெய்யும் நிலமெங்கும் ஒரே நேரத்தில் பெய்கிறது, ஒருவர் பார்த்தாலும் பத்துக் கோடிப் பேர் பார்த்தாலும் ஒளிபரப்புபவரின் செலவு ஒன்றே. இணையத்தில் ஆட்டத்தின் படம் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பலவேறு தரங்களில் பதிவு செய்யப்பட்டு, நகரந்தோறும் நிறுவப்பட்டுள்ள வழங்கிக் கணினிகளில் சேமிக்கப்படுகிறது; பார்ப்பவரின் கைப்பேசி தன் இணைப்பின் வேகத்துக்கு ஏற்ற தரத்தில் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுகிறது. ஒவ்வொருவருக்கும் தனிப் படி செல்வதால், பார்ப்போர் கூடக் கூட நிறுவனத்தின் செலவும் கூடுகிறது. துண்டாக்கலுக்கும் அனுப்புதலுக்கும் பிடிக்கும் நேரத்தால்தான் செயலியில் பந்து வீசப்படுவதற்கு முன்பே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து விக்கெட்டின் ஆரவாரம் கேட்கிறது. இவ்வளவு குறைகளோடும் இம்முறை வென்றதற்குக் காரணம், கேட்டுப் பெறும் ஒவ்வொரு கைப்பேசியும் தன்னை அறிவித்துக்கொள்கிறது என்பதே. கேபிள்காரரின் கணக்கில் காணாமற்போன வீடுகளைத் தேடிச் சலித்த தொழிலுக்கு, எந்த ஊரில், எந்தக் கருவியில், எந்த மொழியில், எத்தனை நிமிடம் ஒருவர் ஆட்டம் பார்த்தார் என்பது முழுமையாகக் கிடைத்தது. ஒரே ஓவர் இடைவெளியில் மதுரையில் இருப்பவருக்கு ஒரு விளம்பரமும் புனேயில் இருப்பவருக்கு வேறொன்றும் காட்டுவது இதனால் இயன்றது.

இந்தியாவில் இதன் தொடக்கம் தயக்கமாகவே இருந்தது. 2010இல் ஐபிஎல் யூடியூப்பில் காட்டப்பட்டபோது வீட்டு இணைய இணைப்புகளின் வேகமும் எண்ணிக்கையும் அதைப் பெருவழக்காக்க இடந்தரவில்லை. 2015 பிப்ரவரி 11 அன்று, உலகக் கோப்பை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னதாக, ஸ்டார் தன் ஹாட்ஸ்டார் செயலியை வெளியிட்டது. அதே மாதம் ஐபிஎல்லின் மூன்று ஆண்டு இணைய உரிமை 302.2 கோடி ரூபாய்க்கு ஸ்டாரின் துணை நிறுவனத்துக்குச் சென்றது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோவின் நான்காம் தலைமுறைச் சேவை தொடங்கியபின் டேட்டா விலை சரிந்தது. ஓர் ஆட்டம் முழுவதையும் கைப்பேசியில் பார்ப்பது கூலித் தொழிலாளிக்கும் கல்லூரி மாணவருக்கும் கைக்கெட்டியது இதன்பிறகே. செயலி உண்டாக்கியவர்களின் திறமைக்குச் சேரும் புகழில் பெரும்பங்கு இந்த விலைச்சரிவுக்கும் உரியது.

2017 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்ட ஐபிஎல் ஏலக் கடிதங்கள் அம்மாற்றத்தின் முதல் சாட்சி. இந்திய இணைய உரிமைக்கு மட்டும் ஃபேஸ்புக் 3,900 கோடி ரூபாய் கேட்டிருந்தது. ஒரு விளையாட்டு அலைவரிசைகூட நடத்தாத நிறுவனம் கேட்ட அத்தொகை, முன்பு மூன்று ஆண்டு உரிமைக்குத் தரப்பட்ட 302 கோடியின் அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது. தொலைக்காட்சி, இணையம், வெளிநாடுகள் எனப் பிரித்துக் கேட்கப்பட்ட உச்ச விலைகளின் கூட்டுத்தொகை 15,819.51 கோடி. எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,347.5 கோடி எழுதியிருந்த ஸ்டார், 528 கோடி வேறுபாட்டில் அனைத்தையும் அள்ளிக்கொண்டது. மொத்தமாகக் கேட்க அனுமதித்ததால் வந்த இம்முடிவை வாரியம் மறக்கவில்லை என்பது அடுத்த ஏலத்தில் தெரிந்தது.

இணையவழி நேரலையின் வீச்சை 2019 காட்டியது. அவ்வாண்டு ஜூலையில் மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தனர். இங்கு ‘ஒரே நேரத்தில்’ என்பது கலைச்சொல். ஒரு நொடியில் செயலியோடு இணைந்திருக்கும் கருவிகளின் எண்ணிக்கையை அது குறிக்கும். தோனி ரன் அவுட் ஆனவுடன் அவ்வெண்ணிக்கை செங்குத்தாகச் சரிந்ததையும், ஆட்டத்தை விட்டு வெளியேறிய கோடிக்கணக்கானோர் ஒரே கணத்தில் செயலியின் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பியதால் அங்கு எழுந்த நெரிசலையும் அதன் பொறியாளர்கள் பின்னர் பொது மேடைகளில் விளக்கினர். ஓர் ஆட்டக்காரரின் வருகையும் வெளியேற்றமும் கணினிகளின் சுமையாக அளக்கப்படும் காலம் வந்துவிட்டது. சில பத்தாயிரம் வீடுகளில் கருவி பொருத்தி நாட்டின் பார்வையை மதிப்பிடும் தொலைக்காட்சிக் கணிப்பு முறையின் அருகில் இது நுணுக்கமானதாகத் தெரிகிறது. ஆனால் முன்னது பல தரப்பினர் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பின் அளவீடு, பின்னது விற்பவரே வெளியிடும் எண். ஒரு கருவிக்குமுன் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர் என்பதும் அதில் தெரியாது. விளம்பரதாரர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட முற்படும்போது எழும் குழப்பம் இன்னும் தீரவில்லை.

மொழியும் இக்காலத்தில்தான் வணிகப் பொருளாயிற்று. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கி, ஸ்ரீகாந்த், பத்ரிநாத், பாலாஜி போன்ற முன்னாள் வீரர்களின் பேச்சு வழக்கு வருணனை வீடுகளை அடைந்தது. செயலியில் அது ஒரு தொடுதலில் மாற்றிக்கொள்ளும் ஒலித்தடம் ஆனது. வானொலியில் அப்துல் ஜப்பார் தலைமுறை ஆட்டக் கலைச்சொற்களுக்குத் தமிழில் பெயர் தேடி, மைதானத்தைச் சொற்களால் வரைந்து காட்டியது. படம் கண்முன் இருக்கும்போது அவ்வுழைப்புக்கு அவசியம் குறைகிறது, நகைச்சுவையும் நெருக்கமும் முன்னுக்கு வருகின்றன. இழப்பு என்று இதை முழுவதும் சொல்ல முடியாது. ஆங்கிலமும் இந்தியும் அறியாத தமிழ்ப் பார்வையாளர், முன்பு சென்னையில் ஆட்டம் நடந்தால் மட்டும் கிடைத்த தமிழ் வருணனையை இன்று ஆண்டு முழுவதும் பெறுகிறார். வருணனையின் தமிழைப் பற்றிய அக்கறை மட்டும் அவ்வளவில் வளரவில்லை என்பது வருந்தத்தக்கது.

2022 ஜூன் 12 முதல் 14 வரை நடந்த ஏலத்தில் வாரியம் மொத்தக் கேட்புக்கு இடமளிக்கவில்லை. ஐந்து ஆண்டுகளின் 410 ஆட்டங்களுக்கான உரிமை, இந்தியத் துணைக்கண்டத் தொலைக்காட்சி, இந்திய இணையம், குறிப்பிட்ட சில முதன்மை ஆட்டங்களின் பகிர்வு இணைய உரிமை, வெளிநாடுகள் என நான்கு பொதிகளாகப் பிரிக்கப்பட்டது. தொலைக்காட்சியை, இதற்குள் டிஸ்னியின் வசமாகி டிஸ்னி ஸ்டார் எனப் பெயர் மாறியிருந்த ஸ்டார் 23,575 கோடிக்கு, அதாவது ஆட்டத்துக்கு 57.5 கோடிக்கு வாங்கியது. இணையத்தை, ரிலையன்ஸின் பங்குடைய வயாகாம்18 ஆட்டத்துக்கு 50 கோடி வீதம் 20,500 கோடிக்கும், முதன்மை ஆட்டங்களை 3,257.5 கோடிக்கும் பெற்றது. இரு இணையப் பொதிகளையும் கூட்டினால் 23,757.5 கோடி வருகிறது; தொலைக்காட்சியைவிட ஏறத்தாழ 182 கோடி மிகுதி. அடிப்படை விலையாக வாரியமே தொலைக்காட்சிக்கு 49 கோடியும் இணையத்துக்கு 33 கோடியும் குறித்திருந்ததைக் கொண்டு பார்த்தால், இந்தத் தாண்டல் விற்றவரும் எதிர்பாராதது. ஓராண்டுக்குப் பின் இந்திய அணியின் உள்நாட்டு ஆட்டங்கள் 88க்கும் வயாகாம்18 தந்த 5,963 கோடியில் இணையத்தின் பங்கு 3,101 கோடி, தொலைக்காட்சியின் பங்கு 2,862 கோடி.

இவ்வளவு விலை கொடுத்த நிறுவனம் அதை வாங்கியபின் இலவசமாகத் தந்தது. 2022 நவம்பரில் கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தையும், 2023இல் ஐபிஎல்லையும் ரிலையன்ஸின் ஜியோசினிமா செயலி கட்டணமின்றிக் காட்டியது. ரவீந்திர ஜடேஜா கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்குமாக அடித்துச் சென்னைக்குக் கோப்பை வென்று தந்த மே மாத இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 3.2 கோடிப் பேர் அதில் கண்டனர். ஐபிஎல்லை இழந்த டிஸ்னி ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை, 2022 அக்டோபர் தொடக்கத்தில் இருந்த 6.13 கோடியிலிருந்து ஓராண்டுக்குள் 3.76 கோடியாகக் குறைந்தது. அந்நிறுவனமும் ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைப்பேசியில் இலவசமாக்கிப் பதிலளித்தது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தனர். ஒவ்வொரு கூடுதல் பார்வையாளரும் செலவாகும் தொழிலில் இலவசம் என்பது வணிகத்தின் முடிவான நிலையாக இருக்க முடியாது. எதிரியின் கைப்பணத்தைக் கரைக்கும் முற்றுகை உத்தியாகவே அதைக் கொள்ள வேண்டும்.

முற்றுகை இணைப்பில் முடிந்தது. 2024 பிப்ரவரியில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்திய ஊடகத் தொழில்களை ஒன்றாக்க உடன்பட்டன. 70,352 கோடி ரூபாய் மதிப்பிலான அக்கூட்டு நிறுவனம் நவம்பர் 14 அன்று செயலுக்கு வந்தது. ஸ்டாரை வழிநடத்திய காலத்தில் ஹாட்ஸ்டாரைத் தொடங்கி, பின் வயாகாம்18இன் பக்கம் வந்த உதய் சங்கர் அதன் துணைத்தலைவரானார். இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தபோது, கிரிக்கெட்டின் தொலைக்காட்சி விளம்பர நேரத்தையும் இணைய விளம்பர நேரத்தையும் சேர்த்து வாங்கும்படி விளம்பரதாரரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்ற உறுதியைப் பெற்றது. ஏலத்தில் வாரியம் பிரித்துவைத்த இரு வழிகளும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்துவிட்டதை ஆணையம் உணர்ந்திருந்தது என்பதற்கு அந்நிபந்தனை சான்று. ஆனால் அது விளம்பரதாரரைக் காக்கிறது, பார்வையாளரைப் பற்றி அது பேசவில்லை. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலி வந்தது. அந்த ஆண்டின் ஐபிஎல், இரண்டு ஆண்டு இலவசத்துக்குப் பின், சில நிமிடங்கள் பார்த்ததும் சந்தா கேட்கும் முறைக்கு மாறியது. 299 ரூபாய்க்குக் குறையாமல் ரீசார்ஜ் செய்யும் ஜியோ வாடிக்கையாளருக்கு 90 நாள் சந்தா அதனுடன் சேர்த்து வழங்கப்பட்டது. ஆட்டத்தின் விலை தொலைபேசிக் கட்டணத்துக்குள் ஒளிந்துகொண்ட இம்முறை, ஒளிபரப்புரிமை விளம்பரத்தால் மட்டுமன்றி அலைபேசி வாடிக்கையாளரைத் தக்கவைப்பதாலும் பயன்தரும் பொருளாகிவிட்டதைக் காட்டுகிறது.

விளம்பர வருவாயின் ஒரு பெரும் ஊற்று அதே ஆண்டு ஆகஸ்டில் வற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடைசெய்ததும், இந்திய அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம்11 விலகிக்கொண்டது. பல குடும்பங்களைக் கடனில் தள்ளிய தொழிலின் பணம் இத்தனை ஆண்டுகள் ஆட்டத்தின் விலையை உயர்த்திவந்தது என்ற உண்மையை உரிமை விலைகளைக் கொண்டாடுவோர் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் கேபிளையும் டிடிஎச் எனப்படும் நேரடி வீட்டு ஒளிபரப்பையும் வானொலி வருணனையையும் பெயர் சொல்லிப் பேசுகிறது. அது எழுதப்பட்டபோது ஹாட்ஸ்டார் இல்லை, கைப்பேசியில் நேரலை என்பதே இந்தியாவில் கற்பனை. ஓர் ஆட்டம் தொலைக்காட்சியில் காட்டப்படும் காலம்வரை அச்சட்டத்தின் பிடியில் இருக்கிறது. செயலியில் மட்டும் காட்டப்படும் ஆட்டம் வரும் நாளில் பகிர்வதற்கான கடமை எதிலிருந்து பிறக்கும் என்பதற்கு அதில் விடையில்லை. 1995இன் தீர்ப்பு வான் அலைகளின் வரம்புக்குட்பட்ட தன்மையைக் காட்டியே ஏகபோகத்தை மறுத்தது. இணையம் அவ்வாறு வரம்புக்குட்பட்டதன்று என்பதால் அத்தீர்ப்பின் முதற்பாதி இங்குப் பொருந்தாமல் போகலாம், பார்ப்பவருக்கும் உரிமை உண்டு என்ற மறுபாதி போகாது. ஐபிஎல்லின் இப்போதைய உரிமைக் காலம் 2027ஆம் ஆண்டுத் தொடரோடு முடிகிறது. 2022இல் தொலைக்காட்சியை வென்றவரும் இணையத்தை வென்றவரும் அடுத்த ஏலத்துக்கு ஒரே நிறுவனமாக வருவர். பொதிகளை எவ்வாறு பிரிப்பது என்பதை வாரியமும், சட்டத்தில் செயலியைச் சேர்ப்பதா என்பதை நாடாளுமன்றமும் அதற்கு முன் தீர்மானித்தாக வேண்டும்.